வேலைத்திறனா, உணர்வு நுண்ணறிவா: சீசனுக்கு யாரை அமர்த்துவது?

ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டியும் குன்னூரும் நிரம்பி வழியும்போது, சிறு விடுதி நடத்துவோர் பலர் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கத் தடுமாறுகின்றனர்: ஒருவர் கணினி, கணக்கு, முன்பதிவு அனைத்திலும் தேர்ந்தவர், மற்றவர் அவற்றில் சுமார், ஆனால் கோபத்துடன் வரும் விருந்தினரின் முகம் பார்த்தே பேச்சை மாற்றத் தெரிந்தவர். முன்னவரிடம் இருப்பது வேலைத்திறன்; பின்னவரிடம் இருப்பது உணர்வு நுண்ணறிவு, அதாவது தன் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்து கையாளும் திறன்.

கண்டறிவது: வேலைத்திறனை அரை மணி நேரச் சோதனையில் அறியலாம். உணர்வு நுண்ணறிவை அறிவது கடினம். தனக்குத் தானே மதிப்பெண் இட்டுக்கொள்ளும் வினாத்தாளை நான் நம்புவதில்லை.

செலவு: மென்பொருளைச் சில நாட்களில் கற்பிக்கலாம். பொறுமையைக் கற்பிக்க ஒரு சீசன் போதாது.

பயன்: இங்குதான் வேலையின் தன்மை குறுக்கிடுகிறது. 1990இல் உளவியலாளர்களான சலோவியும் மேயரும் உணர்வு நுண்ணறிவு என்ற கருத்தை வரையறுத்த பின் வந்த ஆய்வுகளைத் தொகுத்து, ஜோசப், நியூமன் ஆகிய ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட பகுப்பாய்வு, உணர்வை அடக்கியும் காட்டியும் செய்ய வேண்டிய பணிகளில் உணர்வு நுண்ணறிவு மிக்கவர்கள் சிறப்பாகச் செயல்படுவதையும், அத்தேவை குறைந்த பணிகளில் அத்தொடர்பு எதிர்மறையாகவும் அமையக்கூடும் என்பதையும் காட்டியது. மலைப்பாதை நெரிசலில் சிக்கி, பசித்த குழந்தைகளோடு இரவு பத்து மணிக்கு வந்து சேரும் குடும்பத்திடம் அறை இன்னும் தயாராகவில்லை என்று சொல்வது முதல் வகைப் பணி.

ஆகவே வரவேற்பு மேசைக்கு நான் இரண்டாமவரையே அமர்த்துவேன். பின்னறையில் கணக்கு எழுதவோ, தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டைக் கவனிக்கவோ தொழில் தெரிந்தவரே வேண்டும். அவரே பிறகு பத்துப் பேருக்கு மேற்பார்வையாளராகும்போது நிலைமை மாறிவிடும்: அப்போது அவருக்கும் உணர்வு நுண்ணறிவு வேண்டும்.