சிஸ்கோ கேட்டலிஸ்ட் கட்டளைக் கையேடு: கேள்விக்குறி சொல்லாதவற்றுக்காக

கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் கருவிகளான கேட்டலிஸ்ட் 9200, 9300 போன்ற சுவிட்ச் வரிசைகளுக்கு சிஸ்கோ நிறுவனம் வெளியிடும் கட்டளைக் கையேடு அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு கட்டளைக்கும் எழுதும் முறை, இயல்புநிலை, எந்த மோடில் (கட்டளை நிலையில்) தட்ட வேண்டும், மென்பொருளின் எந்த வெளியீட்டில் அறிமுகமானது, பயன்படுத்தும் நெறிகள், எடுத்துக்காட்டு என்ற ஒரே ஒழுங்கைப் பின்பற்றும் பருமனான ஆவணம் இது.

இவற்றுள் எழுதும் முறைக்காகக் கையேட்டைத் திறக்கத் தேவையே இல்லை. கட்டளையைப் பாதி தட்டிக் கேள்விக்குறியைப் போட்டால் அடுத்து வரக்கூடியதை சுவிட்சே காட்டிவிடும். எதையும் தட்டாமல் விட்டால் சுவிட்ச் எப்படி நடந்துகொள்ளும், தட்டினால் வேறு எது பாதிக்கப்படும் என்பவற்றைத்தான் அது சொல்லாது. கையேட்டின் மதிப்பும் அங்கேதான் இருக்கிறது.

எந்தெந்தக் கருவிகளை அனுமதிப்பது என்று கட்டுப்படுத்தும் போர்ட் செக்யூரிட்டி இயக்கப்பட்ட போர்ட்டில் (கேபிள் செருகும் முனையில்) அனுமதியில்லாத மடிக்கணினி ஒன்று செருகப்பட்டால், இயல்புநிலையில் அந்த போர்ட் எரர்-டிசேபிள்டு ஆகிவிடும், அதாவது சுவிட்சே அதை முடக்கிவிடும். மீட்பு இடைவெளி 300 விநாடி என்று அறிந்தவர் ஐந்து நிமிடம் காத்திருப்பார், போர்ட் எழாது. எல்லாக் காரணங்களுக்கும் தானியங்கி மீட்பு இயல்பாகவே அணைந்திருக்கும் என்பதையும், அதை இயக்கிய பிறகே அந்த 300-க்குப் பொருள் உண்டு என்பதையும் எரர்டிசேபிள் ரெகவரி பகுதியைப் படித்தால் தெரிந்துகொள்ளலாம். கேள்விக்குறி 30 முதல் 86400 வரை என்ற எல்லையைக் காட்டுவதோடு நின்றுவிடும். சுவிட்சில் நடப்பிலுள்ள அமைப்புகளின் பட்டியலான ரன்னிங்-கான்ஃபிக்கிலும் இயல்புநிலை மதிப்புகள் பெரும்பாலும் தென்படுவதில்லை.

பல விலேன்களின் (ஒரே சுவிட்சில் பிரிக்கப்பட்ட தனித்தனி வலையமைப்புகளின்) போக்குவரத்தைச் சுமக்கும் டிரங்க் போர்ட்டில் அனுமதிக்கப்படும் விலேன்களைக் குறிக்கும் கட்டளையும் இப்படிப்பட்டதுதான். 10, 20 ஆகிய விலேன்கள் ஓடும் டிரங்க்கில் 30-ஐச் சேர்க்க நினைப்பவர் 'ஆட்' என்ற சொல்லை விட்டுவிட்டால், பழைய பட்டியல் அழிந்து 30 மட்டுமே எஞ்சும். மேலாண்மை விலேன் 10 ஆக இருந்து, அந்த டிரங்க் வழியாகவே உள்ளே நுழைந்திருந்தால், சுவிட்சைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் எஸ்எஸ்எச் இணைப்பும் அத்துடன் அறுந்துவிடும். ஆட், ரிமூவ், எக்ஸெப்ட் ஆகியவற்றின் வேறுபாட்டைக் கையேடு விளக்கத்தான் செய்கிறது. ஆனால் தொலைவிலிருந்து இத்தகைய மாற்றம் செய்யுமுன் 'ரீலோட் இன் 10' (பத்து நிமிடத்தில் சுவிட்ச் மறுதொடக்கமாகிச் சேமித்த பழைய அமைப்புக்குத் திரும்பும்) தட்டிவைத்து, எல்லாம் சரியானபின் அதை ரத்துசெய்து சேமிக்கும் வழக்கத்தைக் கட்டளை கட்டளையாகப் பிரிந்து கிடக்கும் ஆவணத்தில் தேடிப் பயனில்லை. அதை அனுபவமுள்ளவரிடம்தான் கற்க வேண்டும்.

எடுத்துக்காட்டுகளே இதன் மெலிந்த பகுதி. பெரும்பாலானவை ஓரிரு வரிகளில் முடிந்துவிடுவதால், புதிதாக ஒரு வலையமைப்பை வடிவமைப்பவருக்குத் தனியாக வெளியாகும் உள்ளமைவு வழிகாட்டியே துணையாகும். வரலாற்றுப் பகுதியும் பல இடங்களில் ஒரே வரிதான். 9300-இன் எத்தனையோ கட்டளைகளுக்கு எவரெஸ்ட் 16.5.1ஏ மென்பொருள் வெளியீட்டில் அறிமுகம் என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

தேடுபொறி முதலில் காட்டும் பதிப்பையே நம்பிவிடக் கூடாது. 3750 சுவிட்சில் டிரங்க்கின் என்கேப்சுலேஷனை (எந்த விலேனின் தரவு என்று குறியிடும் முறையை) முதலில் வரையறுக்க வேண்டும், 802.1க்யூ என்ற ஒரே முறை மட்டுமே உள்ள 2960-இல் அந்தக் கட்டளையே கிடையாது. ஆகவே 'ஷோ வெர்ஷன்' தட்டி மாடலையும் வெளியீட்டு எண்ணையும் பார்த்து, அவற்றுக்குரிய பிடிஎஃப்பைப் பதிவிறக்கி மடிக்கணினியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். சுவிட்ச் படுத்துவிட்ட வேளையில் இணையமும் கைகொடுக்காமல் போகலாம்.