நேரடி நாடகம் என்று சொல்லி ஒலிப்பதிவை ஓடவிடும் கலையரங்கம்: குடும்பத்துடன் செல்லவிருப்போர் கவனத்திற்கு

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் சாலையை ஒட்டி, சுற்றுலாப் பயணிகளை நம்பி இயங்கும் ஒரு தனியார் கலையரங்கத்தில், கடந்த மே மாத விடுமுறையின்போது என் குடும்பத்தினர் ஒன்பது பேர் பணம் கொடுத்து ஏமாந்தோம். புகார் கொடுத்திருப்பதால் அரங்கத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அங்கே நடந்தது என்ன என்பதைத் தெரிந்துகொண்டால், இதே மாதிரியான விளம்பரம் எங்கே கண்ணில் பட்டாலும் நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

கோயம்புத்தூரிலிருந்து அக்காவும் அத்தானும் பிள்ளைகளுடன் உச்சிப்புளிக்கு வந்திருந்தார்கள். காலையில் இராமலிங்க விலாசம் அரண்மனையில் சேதுபதி மன்னர்கள் காலத்துச் சுவரோவியங்களைக் காட்டிவிட்டு, மாலையில் எல்லோரும் சேர்ந்து ஒரு நாடகம் பார்ப்பது என்று திட்டமிட்டோம். நாடகம் என்றது அம்மாவுக்காக. சிறுவயதில் கோயில் திருவிழாக்களில் பாய் விரித்து உட்கார்ந்து, இரவு பத்து மணிக்குத் தொடங்கும் வள்ளி திருமணத்தை விடியும்வரை பார்த்தவர் அவர். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருப்பதால் இப்போது திருவிழாக் கூட்டத்துக்குள் போக முடிவதில்லை. 'இரண்டரை மணி நேரத்தில் முழு ஸ்பெஷல் நாடகம், நேரடிப் பக்கவாத்தியத்துடன்' என்ற விளம்பரம் எங்களுக்காகவே போட்டதுபோல் இருந்தது.

தொலைபேசியில் நான் நான்கு கேள்விகள் கேட்டேன். நாடகம் எத்தனை மணிக்குத் தொடங்கும், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் உண்டா, முன்வரிசையில் இடம் கிடைக்குமா, இரவு உணவு கட்டணத்துக்குள் அடங்குமா என்பவை அவை. ஆறரை மணி என்று முதல் கேள்விக்குப் பதில் வந்தது. மற்ற மூன்றுக்கும் "அதெல்லாம் இருக்கு சார், நீங்க குடும்பத்தோட வாங்க" என்ற ஒரே வாக்கியம்தான். பெரியவர்கள் ஆறு பேருக்குத் தலா 400 ரூபாய், குழந்தைகள் மூவருக்குத் தலா 200 ரூபாய் என மொத்தம் 3,000 ரூபாயை முன்கூட்டியே ஜிபேயில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பும்போது திரையில் தெரிந்தது அரங்கத்தின் பெயர் அன்று, யாரோ ஒரு தனிநபரின் பெயர். அந்த இடத்தில் என் கை நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஐந்து படிகள் இருந்தன, சாய்தளம் இல்லை. அத்தானும் மருமகனும் நாற்காலியோடு அம்மாவைத் தூக்கி ஏற்றினார்கள். முன் மூன்று வரிசைகளையும் சுற்றுலாப் பேருந்தில் வரவிருந்தவர்களுக்காகக் கயிறு கட்டி ஒதுக்கியிருந்தார்கள். அந்தப் பேருந்து வந்து சேரும்வரை, தகரக் கூரையின் புழுக்கத்தில், எட்டே கால் மணிவரை எல்லோரையும் காக்க வைத்தார்கள். உணவுக்குத் தனியாகத் தலா 150 ரூபாய், வண்டி நிறுத்த 100 ரூபாய். இவற்றை எல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன், மேடையில் நாடகம் என்று ஒன்று நடந்திருந்தால்.

ஸ்பெஷல் நாடகத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்று எங்கே இருக்கிறது என்பது புரியாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழியில் வந்த கதைகளைத்தான் இன்றும் தென்மாவட்டங்களில் நடிக்கிறார்கள். ராஜபார்ட் (கதாநாயகன்) ஓர் ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) ஓர் ஊர், பபூன் (கோமாளி) வேறோர் ஊர் என்று தனித்தனியே தேதி கொடுத்து அழைக்கப்பட்டு, ஒத்திகை இல்லாமல் அன்றிரவு மேடையில்தான் ஒன்று கூடுகிறார்கள். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தில் யார் யாரை மடக்குவார் என்பது அந்த இரவில், அந்த இருவருடைய நாவன்மையில் இருக்கிறது. பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரர் அவர்களுடைய சுருதிக்கும் வேகத்துக்கும் ஈடுகொடுத்துக்கொண்டே இருப்பார். ஆகவே ஒலிப்பதிவை ஓடவிட்டு வாயசைக்கும்போது பாட்டு மட்டும் போலியாவதில்லை, தர்க்கம் என்பதே இல்லாமல் போய்விடுகிறது.

தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "டேய், அந்தப் பெட்டி மூச்சே விடலையேடா" என்றார். அப்போதுதான் கவனித்தேன். ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்திருந்தவருடைய வலக்கை கட்டைகளின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. காற்றுக்காகத் துருத்தியை அசைக்க வேண்டிய இடக்கை மடியில் கிடந்தது. துருத்தி மூடியபடியே இருக்க, ஒலிபெருக்கியில் மட்டும் ஆர்மோனியம் குழைந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் மின்சாரம் நின்றது. பபூனின் பாட்டு பாதிச் சொல்லில் அறுந்தது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை அவர் திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் இருட்டில் நின்றார். குழந்தைகள் சிரித்தார்கள், எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாட்டும் வாத்தியமும் தெரிந்த ஒரு குழுவுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தை மிச்சப்படுத்துவதற்காக, நடிகர்களைப் பொம்மையாக நிறுத்தியிருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஐம்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு அலுவலகத்தில் இருந்தவர், 'அடுத்த வருகையில் 20 சதவீதம் தள்ளுபடி' என்று அச்சடித்த கூப்பன் ஒன்றை நீட்டினார். நேரடிப் பக்கவாத்தியம் என்ற விளம்பரத்தைக் கைபேசியில் காட்டினேன். "வாத்தியம் மேடையில இருந்துச்சே சார்" என்றார்.

எங்கள் பகுதியில் உண்மையான நாடகத்துக்கு நோட்டீஸ் அடிக்கும்போது நடிகர்கள், வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவருடைய புகைப்படத்தையும் பெயரையும் ஊரையும் போடுவது வழக்கம். யார் வருகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் கூட்டம் சேரும். நாங்கள் நம்பிய விளம்பரத்தில் ஒரே ஒரு பெயர்கூட இல்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன். குடும்பத்துடன் இப்படி எங்காவது போக எண்ணுபவர்கள், அன்றைக்கு நடிப்பவர்களின் பெயர்ப் பட்டியலை முதலில் கேளுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். சாய்தளம், உணவு, இருக்கை பற்றிய வாக்குறுதிகளை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். முதியவர்கள் உடன் வருவதாக இருந்தால் வாசலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்பே அனுப்பாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. மனுவை இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், சுற்றுலா வந்து ஏமாந்தவர்கள் இதற்காக மறுபடியும் இராமநாதபுரம் வர வேண்டிய அவசியமில்லை. விளம்பரத்தின் படம், பணம் அனுப்பியதற்கான சான்று, துருத்தி அசையாத அந்த ஆர்மோனியத்தை மருமகன் எடுத்த காணொளி ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். கூப்பனையும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்; அதில் தேதியும் இல்லை, கையொப்பமும் இல்லை.