ஸ்வாட் மாடல்ல பாக்டீரியா பகுதி: ஒரு வருசம் மல்லுக்கட்டுன அனுபவம், அஞ்சுக்கு மூணு

ஓசில கெடைக்கிற சாஃப்ட்வேர்தானேன்னு எறங்குனேன், ஒரு வருசம் ஓடிப்போச்சு. தண்ணி சம்பந்தமா எம்.இ. பண்றவங்களுக்கு ஸ்வாட் தெரியாம இருக்காது. அமெரிக்க விவசாயத் துறையும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டியும் சேர்ந்து வளர்த்த மாடல், மழை, மண்ணு, பயிர், சரிவு எல்லாம் குடுத்தா ஆத்துல தினமும் எவ்வளவு தண்ணி வரும், எவ்வளவு மண்ணு வரும்னு சொல்லும். அதப்பத்தி எழுத நெறைய பேர் இருக்காங்க. நான் சொல்றது உள்ள இருக்குற பாக்டீரியா பகுதிய மட்டும், அதாவது வயல்ல கெடக்குற சாணத்துக் கிருமி ஆத்துக்கு எவ்வளவு வரும்னு கணக்குப் போடுறத.

எடம், தென்காசி பக்கம் சிற்றாத்துல போய்ச் சேர்ற ஒரு சின்ன ஓடை. பிசான நெல்லு அறுப்பு முடிஞ்சதும் வயலுக்கு உரமாகட்டும்னு கிடை போடுவாங்க, ராத்திரிக்கு இருநூறு முந்நூறு செம்மறி ஒரு வயல்ல, மறுநாள் பக்கத்து வயல்ல. கோடை மழை ஒண்ணு சாத்துனா கரையோர வயலு புழுக்கை பூராவும் ஓடைக்குத்தான். மாடல்ல கிடைன்னு ஒரு ஆப்ஷனே கெடையாது. மேய்ச்சல்னு ஒண்ணு இருக்கு, ஹெக்டேருக்கு தினம் எத்தன கிலோ சாணம்னு கேக்கும், கூடவே ஆடு எவ்வளவு தின்னுச்சுன்னும் கேக்கும். கிடைல ஆடு எங்க திங்குது, படுத்து அசைபோடும் அவ்வளவுதான், அதனால தின்னதுக்கு ஜீரோவ ஒட்டி ஒரு எண்ணப் போட்டு ஏமாத்துனேன்.

அடுத்தது அந்த உர ஃபைல். சாணத்துல கிராமுக்கு எத்தன கிருமின்னு அதுலதான் போடணும். ஃபோர்ட்ரான்ங்கிற பழைய கம்ப்யூட்டர் மொழி காலத்து ஃபைல், ஒரு ஸ்பேஸ் தள்ளிப்போனா எண்ணத் தப்பா படிக்கும், எரரும் காட்டாது. ரெண்டு நாள் என் ஓடைல மினரல் வாட்டர் ஓடுச்சு.

உண்மையான அடி வாங்குனது மழைல. வானிலைத் துறையோட கால் டிகிரி கிரிட் மழைதான் எல்லாரும் போடுறது, நாட்டக் கட்டங்கட்டமா பிரிச்சு கட்டத்துக்கு ஒரு மழை அளவு, ஒரு கட்டம் கிட்டத்தட்ட 27 கிலோமீட்டர். ஏப்ரல்ல ஒரு சாயங்காலம் இடியோட கொட்டித் தீத்துச்சு, ஸ்கூல் மாடில நான் வச்சிருந்த மழைமானில 47 மில்லிமீட்டர், கிரிட்ல பாத்தா 9. ஸ்வாட் கணக்குப்படி அந்த மண்ணுக்கு ஒம்பது மில்லிமீட்டரெல்லாம் ஊறிப்போயிரும், மேல ஓடாது, தண்ணி ஓடலன்னா கிருமியும் வராது. ஆனா நான் ஐஸ் பெட்டில வச்சு பஸ்ல தூக்கிட்டுப் போன சாம்பிள் லேப்ல பெட்ரி தட்டு முழுக்க கிருமிக் காலனி. என் மழைமானி அளவப் போட்டு ஓட்டுனதும்தான் மாடலுக்கு உயிரே வந்துச்சு. இதுல இன்னொரு கூத்து, வானிலைத் துறைக்கு ஒரு நாள்ங்கிறது காலைல எட்டரைக்கு முடியும், அதனால நேத்து சாயங்கால மழை இன்னைக்குத் தேதில இருக்கும், அத கவனிக்காம தேதிக்குத் தேதி ஒப்பிட்டா மாடல் ஒரு நாள் பிந்துதுன்னு நாமளே தப்பா திட்டுவோம்.

மழைமானி போட்டப்புறம் மாடல் நாலாயிரம்னு சொன்னுச்சு, லேப்ல 100 மில்லிக்கு முப்பதாயிரம் பக்கம். ஒரு ஜீரோகூட முழுசா தப்பல, அதாவது வித்தியாசம் பத்து மடங்குக்குள்ளதான், இந்தத் துறைல அது பாஸ் மார்க்குக்கு மேல. குளிக்கிற தண்ணிக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வச்சிருக்குற உச்ச அளவே 2500 தான், ரெண்டு எண்ணுமே அதத் தாண்டிருச்சு.

மழை இல்லாத நாள்ல சுத்தமா கவுத்துருச்சு. எருமைய ஓடைல எறக்கிக் குளிப்பாட்டுற எடத்துல அடிச்சேறு கலங்கி எண்ணிக்கை ஏறும். மாடலுக்கு ஓடைல கிருமி சாகுறது மட்டும்தான் தெரியும், சேத்துல ஒளிஞ்சிருந்து திரும்ப எழும்புறது ஸ்டாண்டர்டு வெர்சன்ல கெடையாது. எருமை தண்ணிக்குள்ளயே சாணி போடுறதையும் சாக்கடைக் குழாய் மாதிரி ஒரு பாயிண்ட் சோர்சா நாமதான் தனியா குடுக்கணும். எந்த மாசம், எந்த வயலு மோசம்னு வரிசைப்படுத்த இது போதும். எந்த நாள்ல எத்தனன்னு கேட்டா கேக்காதீங்க.

கடைசியா ஒண்ணு, வாங்குறதுக்கு முன்னாடின்னு சொல்ல முடியாது, ஓசிதான். கரையோரம் கிடை போடாம புல்லுப் பட்டை விட்டா எவ்வளவு குறையும்னு பழைய ஃபில்டர் ஸ்ட்ரிப் ஆப்ஷன்ல ஓட்டுனேன். 20 மீட்டர பக்கத்துல தொட்டதும் கிட்டத்தட்ட நூறு சதவீதம் நின்னுருச்சு. கைடு சந்தோசமாயிட்டாரு, கிராஃப அட்டைலயே போடலாம்னாரு. எனக்கு ஒதச்சுச்சு, மேனுவல தோண்டிப் பாத்தா அந்தச் சூத்திரத்துல பட்டையோட அகலம் மட்டும்தான் இருக்கு, சரிவு, மண்ணு, புல்லு எதுவுமே இல்ல. அந்தப் பக்கத்த தீசிஸ்ல இருந்து உருவிட்டேன், கைடுகிட்ட இன்னும் சொல்லல.