ஜிம் நல்ல ஜிம்தான், வாசல் மெஷின்தான் உறுத்துகிறது (மஞ்சக்குப்பம், கடலூர்)

மூன்று மாதம் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பேர் போடவில்லை, நடத்துகிற தம்பிமேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. டம்பெல், பெஞ்ச் எல்லாம் புதுசு, காலை ஐந்தரைக்கே கதவைத் திறந்துவிடுகிறார்கள், முதுகுவலிக்காரனான எனக்கு எதைத் தூக்கக் கூடாது என்று மாஸ்டர் பார்த்துப் பார்த்துச் சொன்னார். மாதம் 900 ரூபாய்க்கு இதுவே அதிகம்.

உறுத்தல் வாசலில் இருக்கிற கைரேகை மெஷின். சேர்ந்த அன்றே "சார், விரலை வைங்க" என்றார்கள், நானும் வைத்துவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன். 2011 தகவல் தொழில்நுட்ப விதிகளில் கைரேகை தனிக் கவனத்தோடு கையாள வேண்டிய அந்தரங்கத் தகவல்; எதற்கு என்று சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், கொடுத்த சம்மதத்தை நாம் பிறகு ரத்து செய்துகொள்ளலாம். (அப்படி ரத்து செய்தால் சேவை கிடையாது என்று சொல்லவும் அதே விதி அவர்களுக்கு இடம் தருகிறது, அது வேறு கதை.) 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு 18 மாதம் தவணை வேறு. தகவலைப் பத்திரமாக வைக்காவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறார்கள், ஆனால் அதில் கைரேகைக்கென்று தனி வகையே இல்லை, போன் நம்பரும் ரேகையும் ஒரே தட்டில்.

ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற கொத்தனார் அண்ணன், சிமென்ட்டில் தேய்ந்த விரலைத் துண்டில் துடைத்துத் துடைத்து ஐந்து தடவை வைத்தார். ஐந்து தடவையும் பீப் பீப். கடைசியில் அவர் பேரை நோட்டில் எழுதிக்கொண்டு உள்ளே விட்டார்கள். அட, நோட்டே போதுமென்றால் என் ரேகை எதற்கு?

நின்றுபோனவர்கள் ரேகையை என்ன செய்கிறீர்கள் என்று தம்பியிடம் கேட்டேன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார், இரண்டு வருஷத்துக்கு முன்னால் நின்றவர்கள்கூட போட்டோவோடு அப்படியே இருக்கிறார்கள், திறக்கப் பாஸ்வேர்டும் இல்லை. இதே கட்டைவிரலை வைத்துத்தான் ரேஷன் கடையில் அரிசி வாங்குகிறேன். அன்றைக்கே ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கை, அதாவது ரேகையை வைத்து ஆதாரைச் சரிபார்க்கிற வசதியை, பூட்டிவிட்டேன், ரேஷன் போகிற நாளில் மட்டும் திறக்கிறேன்.

என்னுடையதை அழிக்கச் சொன்னதும் முகம் சுளிக்காமல் என் கண்முன்னாலேயே அழித்தார், இரண்டு நிமிஷ வேலை. இப்போது நானும் கொத்தனார் அண்ணனும் நோட்டுக் கட்சி. மூன்று ஸ்டார். சேருகிறவர்கள் முதல் நாளே நோட்டைக் கேளுங்கள், பேனாவை மட்டும் கையோடு கொண்டுபோங்கள், அங்கே கட்டித் தொங்கவிட்டிருப்பது எழுதாது.