சின்னப் பிள்ளைகளுக்குப் பழைய காலத்தைக் காட்ட: அரண்மனையா, தனுஷ்கோடியா, முட்டுக்காடா?

தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டு பழைய வீடுகளைப் பார்க்க முட்டுக்காடு வரை போக வேண்டுமா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். ராமநாதபுரத்தில் சேதுபதி மன்னர்களின் அரண்மனை, ராமலிங்க விலாசம் இருக்கிறது. இந்தப் பக்கம் பஸ் ஏறினால் தனுஷ்கோடி. ஒரே வருடத்தில் மூன்றுக்கும் போய் வந்துவிட்டோம். மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நான்கு. இந்த வயதுக்கு என் ஓட்டு சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா என்ற பழைய வீடுகளின் அருங்காட்சியகத்துக்குத்தான்.

தூரத்திலும் செலவிலும் உள்ளூர் இரண்டும்தான் ஜெயிக்கும், அதில் பேச ஒன்றுமில்லை. முட்டுக்காட்டுக்கு சேது எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி. தாம்பரத்தில் இறங்கி கேளம்பாக்கம், கோவளம் வழியாகப் போனோம். தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடி நம் மண்ணின் கதை. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் பாம்பனிலிருந்து வந்த ரயிலோடு ஊரே போனது. பவளப்பாறைக் கல்லில் கட்டிய தேவாலயத்தின் சுவர் இன்னும் நிற்கிறது. ஆனால் ஒதுங்க நிழல் இல்லை. ரயில் கதையைச் சொன்னதும் சின்னவன் மிரண்டு என் இடுப்பை விட்டு இறங்கவில்லை. பத்து வயதாவது ஆகட்டும்.

ராமலிங்க விலாசம் எனக்கு மிகவும் பிடித்த இடம். கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம். சுவர் முழுக்க ராமாயணம், போர்க்களம், சேதுபதி வெள்ளைக்காரர்களைச் சந்திக்கும் காட்சி என்று 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். அவற்றில் கை படக் கூடாது, படவிடவும் கூடாது. அதனால் சின்னவனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டே நடந்தேன். அரை மணி நேரத்தில் இரண்டு பிள்ளைகளும் வெளியே போகலாம் என்றார்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது இந்தக் கை விஷயம்தான். நான்கு வயதுப் பிள்ளை கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. தடவும், தட்டும், உட்கார்ந்து பார்க்கும். தட்சிணசித்ரா அதற்கு இடம் கொடுக்கிறது. 1996-இல் திறந்த இடம். தென்மாநிலங்களில் இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து, இங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் ஏறிப் படுத்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குயவர் சக்கரத்தில் மூத்தவளின் கையைப் பிடித்து ஒரு குட்டிச் சட்டி வனைய வைத்தார்கள். அதற்குத் தனியாகக் காசு உண்டு, கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

ஆந்திரக் கடற்கரைப் பாணியில் வட்ட வீடு ஒன்று இருக்கிறது, கூரை தாழ இறங்கியிருக்கும். வட்டமாக இருந்தால் புயல் காற்று மோதித் தள்ளாமல் சுற்றிப் போய்விடும் என்று சொன்னேன். "அப்போ தனுஷ்கோடியில ஏன் இப்படிக் கட்டலை?" என்று மூத்தவள் கேட்டாள். அரண்மனையில் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

எனக்கு மனதில் நிற்பது ஓலை வேலை நடந்த இடம். கூட வந்திருந்த அப்பத்தா, என் மாமியார், அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இப்படிக் கீறுனா நுனி பிரிஞ்சிரும்மா" என்று ஓலையைக் கையில் வாங்கி ஒரு கொட்டானை, அதாவது ஓலைப் பெட்டியை, முடையத் தொடங்கினார். இரண்டு பிள்ளைகளும் அவர் மடியில் சாய்ந்து கிடந்தார்கள். எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே பனை நிற்கிறது. ஆனாலும் அப்பத்தா முடைந்து இவர்கள் பார்த்தது அங்கேதான்.

நாங்கள் போனது தை மாதத்தில், வார நாளில், ஒரே ஒரு தடவை. சித்திரை வெயிலில் அந்த 10 ஏக்கரை நான்கு வயதுக்காரன் நடப்பானா என்பதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சக்கரத்தில் உட்கார இவ்வளவு நேரம் கிடைக்குமா என்பதும் சந்தேகம்தான். கைக்குழந்தை இருந்தால் ராத்திரி ரயிலை யோசித்துச் செய்யுங்கள். பிள்ளைகளுக்குப் பத்து வயது தாண்டியிருந்தால் என் கணக்கே மாறிவிடும், முதலில் ராமநாதபுரம்தான் போகச் சொல்வேன்.

சுடாத சட்டி ரயிலிலேயே விரிசல் விட்டுவிட்டது. அது இப்போது அப்பத்தா முடைந்த கொட்டானுக்குள் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் மூத்தவளை மட்டும் ராமலிங்க விலாசத்துக்குத் திரும்பவும் கூட்டிப்போகப்போகிறேன், சின்னவனை அப்பத்தாவிடம் விட்டுவிட்டு.