உவர்க் களிமண்ணில் ஒரு பேனா இ.சி. மீட்டர்: இரண்டு வருடம் பயன்படுத்தியபின்

வேதாரண்யம் பக்கம் கடைமடையில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் பள்ளமான நிலம் இருக்கிறது. கார்த்திகையில் முழங்கால் தண்ணீர், சித்திரையில் வெள்ளையாக உப்புப் பூத்த தரை, அதில் கை நுழைகிற வெடிப்பு. இந்த நிலத்துக்காகத்தான் இரண்டு வருடம் முன்னால் ஆன்லைனில் ஒரு பேனா இ.சி. மீட்டர் வாங்கினேன். தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, அதில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதைச் சொல்லும் கருவி அது. விலை ஆயிரத்துச் சொச்சம். பிராண்டு பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் இதே பொருள் நாலைந்து பெயரில் விற்பனைக்கு வருகிறது. வாங்கலாமா என்று கேட்டால் தாராளமாக வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் பெட்டியில் வருகிற காகிதத்தில் போட்டிருக்கிற மாதிரி பயன்படுத்தினால் எங்கள் மாதிரி மண்ணில் அது காட்டுகிற எண்ணை நம்பி ஒன்றும் செய்ய முடியாது, அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருள். தடிமனான மார்க்கர் பேனா அளவு. அடியில் இரண்டு சின்ன உலோக முனை, மேலே திரை, மூன்று பட்டன். 0 முதல் 9.99 மில்லிசீமன்ஸ் (மின்சாரம் கடத்தும் அளவைச் சொல்லும் அலகு) வரை காட்டும். தண்ணீரின் சூட்டுக்குத் தக்கபடி தானே சரிசெய்துகொள்ளும், இது முக்கியம், ஏனென்றால் ஒரு டிகிரி சூடு ஏறினாலே ரீடிங் சுமார் 2 சதவீதம் கூடிவிடும், நம் ஊர் வெயிலில் இது இல்லாத மீட்டர் வேண்டவே வேண்டாம். விற்பனைப் பக்கத்துப் படத்தில் கேலிப்ரேஷன் கரைசல் (மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துத் திருத்துவதற்கானது) பாக்கெட் இருந்தது, பெட்டியில் இல்லை. இரண்டு முறை எழுதிக் கேட்டேன், பதிலே வரவில்லை. கடைசியில் 1413 என்று போட்ட கரைசலை (1413 மைக்ரோசீமன்ஸ், அதாவது 1.41 மில்லிசீமன்ஸ்) தனியாக வாங்கி முக்கிப் பார்த்தால், 1.41 காட்ட வேண்டிய மீட்டர் 1.52 காட்டியது. திருத்திய பிறகு சரியாகத்தான் இருக்கிறது, மாதம் ஒருமுறை பார்க்கிறேன். டி.டி.எஸ். (கரைந்த மொத்த உப்பு) என்று பி.பி.எம்.-இல் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) காட்டுகிற பட்டனைத் தொடாதீர்கள். மில்லிசீமன்ஸ் எண்ணை ஒரு கம்பெனி 500-ஆல் பெருக்கும், இன்னொரு கம்பெனி 640-ஆல் பெருக்கும், பக்கத்து வயல்காரர் எண்ணோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் வரும்.

அடுத்தது பெரிய தப்பு. விளம்பர வீடியோவில் ஈரமண்ணில் நேராகக் குத்திக் காட்டுகிறார்கள். களிமண்ணில் அதைச் செய்யவே கூடாது. முனைகளில் களி மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும், மண்ணில் ஈரம் எவ்வளவு என்பதைப் பொறுத்து எண் இஷ்டத்துக்கு மாறும். நான் செய்கிற முறை இது: மண்ணை நிழலில் காயவைக்க வேண்டும், நம் களி காய்ந்தால் செங்கல் ஆகிவிடும், அதை அம்மிக் குழவியால் தட்டித் தூளாக்கிச் சல்லடையில் சலித்து, 20 கிராம் மண்ணுக்கு 100 மில்லி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, மூடி போட்ட பாட்டிலில் ஒரு மணி நேரம் அவ்வப்போது குலுக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல்தண்ணீரில் மீட்டரை முக்க வேண்டும். பேட்டரிக் கடையில் விற்கிற தண்ணீரே போதும். குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள், எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரே 1.1 காட்டுகிறது.

வருகிற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. புத்தகங்களில் 4 டெசிசீமன்ஸுக்கு மேல் போனால் உவர்நிலம் என்கிறார்களே, அது மண்ணைக் குழம்பாக்கிப் பிழிந்தெடுத்த சாற்றின் கணக்கு (டெசிசீமன்ஸ் என்றாலும் இந்த மீட்டரின் மில்லிசீமன்ஸ் என்றாலும் அளவு ஒன்றுதான்). நாம் ஐந்து மடங்கு தண்ணீர் ஊற்றியிருக்கிறோம், அதனால் களிமண்ணுக்கு ஏறக்குறைய 6 முதல் 8 மடங்கு பெருக்க வேண்டும். நான் 7 என்று வைத்துக்கொள்கிறேன். நெல்லுக்கு அந்தக் கணக்கில் 3-ஐத் தாண்டினாலே விளைச்சல் குறைய ஆரம்பிக்கும், அதற்குமேல் ஒவ்வொரு டெசிசீமன்ஸுக்கும் சுமார் 12 சதவீதம் போகும். மண்வள அட்டையில் இருக்கிற எண் பெரும்பாலும் வேறு விகிதத்தில் கலக்கி எடுத்தது, அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

சரி, முதல் கோடையில் என்ன தெரிந்தது என்று சொல்கிறேன். மேல்மண்ணை மட்டும் எடுக்காமல் இரவல் வாங்கிய ஆகரை (மண்ணைத் துளைத்து எடுக்கிற திருகு கருவி) திருகி இரண்டரை அடி வரை இறங்கினேன். மேலே நாலு விரற்கடை கருஞ்சாம்பல், தூளாகப் பொரிந்து உப்பு மின்னுகிறது. அதற்குக் கீழே சாம்பல் நிறக் களி, பழைய வேர் போன தடத்தில் எல்லாம் துருப்பிடித்த ஆணி மாதிரி செம்மஞ்சள் கோடு. இன்னும் கீழே நீலம் கலந்த சாம்பல், பிசைந்தால் சோப்பு மாதிரி வழுக்குகிறது, நடுநடுவே சிப்பித்துண்டு, மூக்கருகில் கொண்டுபோனால் அழுகிய முட்டை நாற்றம். அந்த நிறமும் நாற்றமும் எனக்கு அப்போது வெறும் சேறாகத்தான் தெரிந்தது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: துருக்கோடு இருக்கிற இடம் வரை வருடத்தில் சில மாதம் காற்று போகிறது, நீலச்சாம்பல் தொடங்குகிற இடத்தில் காற்றே போகவில்லை, தண்ணீர் எப்போதும் அங்கேயே நிற்கிறது, கடல்நீரோடு வந்த சல்பேட்டை நுண்ணுயிர்கள் காற்றில்லாமல் உடைப்பதால்தான் அந்த நாற்றம். வடிகால் எவ்வளவு மோசம் என்பதை மண்ணே அளவுகோல் வைத்துக் காட்டுகிறது, மீட்டருக்கு முன்னால் கண்ணும் மூக்கும்தான் கருவி.

அன்றைய ரீடிங்: மேல்பொருக்கில் 3.2, அரை அடியில் 1.3, இரண்டு அடியில் 1.9. ஏழால் பெருக்கிப் பாருங்கள். மேலே அள்ளிய மண்ணைக் கொடுத்திருந்தால் நிலமே தேறாது என்று சொல்லியிருப்பார்கள். அரை அடியில் நின்றிருந்தால் கொஞ்சம் சமாளிக்கலாம் என்று தோன்றியிருக்கும். கீழே மறுபடி ஏறுகிறதே, அதுதான் எனக்கு உறைத்தது.

ஆகர் போட்ட குழியில் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஊறி நின்றது. அதில் மீட்டரை முக்கினால் எண்ணே வரவில்லை, எல்லை தாண்டிவிட்டது. ஒரு பங்கு குழித் தண்ணீருக்கு நாலு பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்தேன், 4.6 வந்தது. அப்படியானால் குழியில் இருப்பது 23. கடல்நீர் சுமார் 50. எங்கள் பயிரின் காலடியில் இரண்டடி ஆழத்தில் ஏறக்குறைய பாதிக் கடல் நிற்கிறது. கோடையில் மேலே வெயில் உறிஞ்ச உறிஞ்ச அந்தத் தண்ணீர் களியின் மெல்லிய துளைகள் வழியே விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி ஏறி, தண்ணீர் ஆவியாகி, உப்பை மட்டும் மேலே விட்டுவிட்டுப் போகிறது. தரையை எத்தனை முறை சுரண்டி எறிந்தாலும் மறு சித்திரையில் அதே வெள்ளை வருவதற்குக் காரணம் இதுதான்.

என் சித்தப்பாவுக்கு மீட்டர் தேவைப்படாது. மண்ணைக் கிள்ளி நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பார். அந்த வருடம் மார்கழியில், மழை எல்லாம் அடித்து ஓய்ந்த பிறகு, வரப்போரத்தில் உட்கார்ந்து மண்ணை வாயில் வைத்துவிட்டு, “மேல கரிப்பு போயிடுச்சு தம்பி, கீழ அப்படியேதான் இருக்கும்” என்றார். எடுத்துப் பார்த்தேன். மேல்மண் 0.35, ஒரு அடியில் 0.8, இரண்டு அடியில் 1.7. மழை மேலே இருந்ததைக் கழுவிவிட்டது, கீழே இருந்ததைத் தொடக்கூட இல்லை. மழை பட்டதும் களி உப்பிக்கொண்டு வெடிப்பெல்லாம் மூடிவிடுகிறது, அதற்குமேல் தண்ணீர் இறங்க வழியில்லை. நிலமும் கடல் மட்டத்தை ஒட்டி இருக்கிறது, பக்கத்து வடிகாலில் தண்ணீர் நிறைந்திருந்தால் வயலில் இருந்து அது எங்கேதான் போகும்?

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன், மீட்டர் வாங்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கோடையில் எடுத்த மண்ணைக் குலுக்கிவைத்தபோது பத்து நிமிடத்தில் மேல்தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. மார்கழியில் ஒரு அடியில் எடுத்த மண் மறுநாள் காலை வரை டீத்தண்ணீர் மாதிரி கலங்கியே இருந்தது. மீட்டர் உப்பு குறைந்திருக்கிறது என்று நல்ல செய்தி சொல்கிறது, பாட்டில் வேறு சொல்கிறது. உப்பு அதிகம் இருக்கும்போது களித்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து படிந்துவிடும். உப்பு கழுவிப்போய், களியில் ஒட்டிய சோடியம் மட்டும் நின்றால் துகள்கள் பிரிந்து மிதக்கும், வயலிலும் அதேதான் நடக்கும், துளைகள் அடைபட்டு வடிகால் இன்னும் மோசமாகும். உவர் நிலம் களராக, அதாவது சோடியம் ஏறிய நிலமாக, மாறுகிற இடம் இது. அந்த மண்ணை ஆய்வகத்துக்குக் கொடுத்தேன், கார அமில நிலை (pH) 8.7, களியில் ஒட்டிய சோடியத்தின் பங்கு 15 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இதை இந்த மீட்டர் ஒருநாளும் சொல்லாது. மொத்த உப்பு எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. வெறும் உவருக்கு ஜிப்சம் (களியில் ஒட்டிய சோடியத்தை விலக்கப் போடுகிற சுண்ணாம்புச் சத்துள்ள தூள்) தேவையில்லை, நல்ல தண்ணீரும் வடிகாலும் போதும். சோடியம் ஏறியிருந்தால்தான் ஜிப்சம். தெரியாமல் மூட்டை மூட்டையாக இறக்கியவர்களை எங்கள் பக்கமே பார்த்திருக்கிறேன்.

மறுவருடம் வயலைச் சுற்றி இரண்டடி ஆழத்துக்கு வடிகால் வெட்டி, தக்கைப்பூண்டைப் பசுந்தாள் உரமாக மடக்கி உழுது, ஆய்வகம் சொன்ன அளவு ஜிப்சம் போட்டு, மழைத்தண்ணீரை வரப்புக் கட்டி நிறுத்தி நாலைந்து நாளுக்கு ஒருமுறை வடித்தோம். ஜிப்சம் போட்டதும் ரீடிங் கொஞ்சம் ஏறும், பதற வேண்டாம், ஜிப்சமும் கரைகிற உப்புதானே. மார்கழியில் ஒரு அடியில் 0.8 இருந்தது 0.5-க்கு இறங்கியது, பாட்டில் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் தெளிந்தது. இரண்டடியில் பெரிய மாற்றம் இல்லை, அது ஒரு வருடத்தில் ஆகிற காரியமும் இல்லை.

அன்றாடத்துக்கு இது அதிகம் உதவுவது நாற்றங்காலுக்கு இடம் பார்க்கத்தான். நெல் நாற்றாக இருக்கும்போதும் பூக்கும்போதும்தான் உப்புக்கு அதிகம் அடிபடும், அதனால் வயலில் ரீடிங் குறைந்த மூலையில்தான் இப்போது நாற்று விடுகிறோம். ரகம் திருச்சி 3, ஒரு துண்டில் மட்டும் சித்தப்பா பிடிவாதமாகக் குழியடிச்சான் என்கிற பாரம்பரிய ரகம். ஐந்து வார நாற்றாக, குத்துக்கு நாலு போட்டு நடுகிறோம். ஆற்றில் உப்பு ஏறுகிற மாதங்களில் இன்ஜினைப் போடுவதற்கு முன்னால் மீட்டரை முக்கிப் பார்க்காமல் இருப்பதில்லை, இந்த ஒரு வேலைக்கே கொடுத்த காசு தகும்.

குறைகள்: 9.99 எல்லை இந்தப் பக்கத்துக்குப் போதாது, நீர்த்துத்தான் பார்க்க வேண்டும், 20 வரை காட்டுகிற மாடல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். மூடி தளர்வு, சட்டைப்பையில் கழன்றுவிடுகிறது. முனைகளில் களி படலமாகப் படிந்தால் ரீடிங் குறைத்துக் காட்டும், ஒவ்வொரு முறையும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, வாரம் ஒருமுறை மெல்லிய டூத்பிரஷால் தேய்க்கிறேன். பட்டன் பேட்டரி எட்டு மாதம் வருகிறது. 5-க்கு 4 கொடுப்பேன். ஆர்டர் போடும்போதே 1413 கரைசல் இரண்டு பாக்கெட் தனியாகச் சேர்த்து வாங்கிவிடுங்கள், ஒருமுறை திறந்து ஊற்றியதை மறுபடி பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.