பழைய ஃபைபர் படகுக்கு எந்தப் பெயிண்ட்? பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பழைய ஃபைபர் படகுக்குப் பெயிண்ட் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "எது நல்லாப் பளபளக்கும்?" என்றுதான். ஒரே படகில் மூன்று விதமான பூச்சுகளைப் பல வருடங்கள் பயன்படுத்திப் பார்த்த பிறகு எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிற கேள்வி ஒன்று இருக்கிறது. மூன்றாம் வருடம் ஆழமாக ஒரு கீறல் விழுந்தால், அதை நானே சரிசெய்ய முடியுமா? முதல் வருடம் எல்லாப் பெயிண்டும் அழகாகத்தான் இருக்கும். வெயிலும் உப்புத் தண்ணீரும் கயிறு உரசலும் ஒரு சுற்று வந்தபிறகுதான் எது தாக்குப்பிடிக்கும் என்பது தெரியவரும்.

என்னுடையது பதினெட்டு அடி திறந்த படகு. முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. ஓட்டாத நாட்களில் டிரெய்லரில் கரையிலேயே நிற்கும். தண்ணீரிலேயே கட்டிக்கிடக்கிற படகுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெயிண்ட் வாங்குவதற்கு முன்னால் இருக்கிற ஜெல்கோட்டை ஒருமுறை சரியாகப் பாருங்கள். ஜெல்கோட் மேலே பூசிய பெயிண்ட் இல்லை. படகை வார்க்கும்போது அச்சுக்குள் முதலில் தெளிக்கிற, நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசின் அது. அதன்மேல்தான் கண்ணாடி இழை அடுக்குகள் வருகின்றன. தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் மேற்பரப்பு ரெசினைச் சிதைக்கும்போது, உள்ளே இருக்கிற நிறத்தூள் பிடிப்பில்லாமல் வெளியே வருகிறது. பழைய படகில் உள்ளங்கையைத் தேய்த்தால் வெள்ளையாக ஒட்டுவது இந்தத் தூள்தான்.

ஒரு சதுர அடி இடத்தை ரப்பிங் காம்பவுண்டால் (மங்கிய மேற்பரப்பைத் தேய்த்து எடுக்கிற பசை) தேய்த்து மெழுகு போட்டுப் பாருங்கள். பளபளப்பு வந்து ஒரு பருவம் முழுக்க நின்றால், பெயிண்டே வேண்டாம். நான் இதை அழுத்திச் சொல்வேன். ஒருமுறை பெயிண்ட் அடித்துவிட்டால் அதற்குப் பிறகு எப்போதும் பெயிண்ட்தான், ஜெல்கோட்டுக்குத் திரும்புவது பெரிய வேலை. நானும் சில வருடங்கள் தேய்த்தும் மெழுகு போட்டுமே ஓட்டினேன். ஆனால் தேய்க்கிற ஒவ்வொரு முறையும் அந்த அரை மில்லிமீட்டரில் கொஞ்சம் போகிறது. கடைசியில் பளபளப்பு ஒரு மாதம்கூட நிற்கவில்லை. அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், விளிம்பில் வெள்ளை மெலிந்து, உள்ளே இருக்கிற இழையின் பச்சை கலந்த பழுப்பு தெரிய ஆரம்பித்தது. அந்த நிறம் தெரிந்துவிட்டால் அங்கே தேய்ப்பதை நிறுத்திவிட வேண்டும்.

துடைத்துவிட்டால் பளபளக்கும் என்று விற்கிற அக்ரிலிக் திரவங்களும் இருக்கின்றன. போட்ட அன்று நன்றாக இருக்கும். பிறகு வெயிலில் மஞ்சளடித்துத் துண்டு துண்டாக உரியும், உரித்து எடுப்பது போட்டதைவிடப் பல மடங்கு வேலை. எனக்கு அது வேண்டாம்.

சரி, பெயிண்டுக்கு வருவோம். ஒரே டப்பாவில் வருவது ஒரு வகை. மெரைன் எனாமல், ஒற்றைப் பாகப் பாலியூரிதேன் எல்லாம் இதில் அடக்கம். இன்டர்லக்ஸ் பிரைட்சைடு இந்த வகைதான். தின்னர் ஆவியாகி, காற்றில் இருக்கிற ஆக்சிஜனோடு வினைபுரிந்து இது காயும். இன்னொரு வகை இரண்டு டப்பாக்களில் வரும். பெயிண்டையும் அதை இறுக வைக்கிற ஹார்ட்னரையும் சொன்ன விகிதத்தில் கலந்தால், இரண்டும் வேதிவினையில் பிணைந்து இறுகும். ஆல்கிரிப், இன்டர்லக்ஸ் பெர்ஃபெக்ஷன் போன்றவை இந்த வகை.

நான் முதலில் படகு முழுவதற்கும் ஒற்றைப் பாகப் பெயிண்ட் அடித்தேன். அடிக்கச் சுலபம், பிரஷ் கோடுகள் தானாகவே சமனாகிவிடும், விலையும் குறைவு. தொட்டால் ஒட்டாத நிலை மறுநாளே வந்துவிடுகிறது. ஆனால் உள்ளே முழுதாக இறுகப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் ஃபெண்டர் (துறையில் உரசாமல் பக்கவாட்டில் தொங்கவிடுகிற மெத்தை) போட்டு இறுக்கிக் கட்டினால் அதன் அச்சு அப்படியே பதிந்துவிடும். இரண்டாவது வருடம் வரைக்கும் திருப்தியாகத்தான் இருந்தது. மூன்றாவது வருடம் வெயில் படுகிற பக்கம் மங்கத் தொடங்கியது. டிரெய்லர் கட்டைமேல் படகு உட்கார்கிற இடத்தில் ஈரம் தேங்கிச் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தன. நீண்ட நேரம் ஈரத்தில் ஊறுவது இந்த வகைப் பெயிண்டுக்கு ஆகாது.

அப்புறம் வெளிப்பக்கத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு இரண்டு பாகப் பாலியூரிதேனுக்கு மாறினேன். படகின் உட்புறமும் மேல்விளிம்பும் ஒற்றைப் பாகத்திலேயே இருக்கின்றன. அதனால் இரண்டையும் ஒரே வெயிலில், பக்கத்துப் பக்கத்தில் பார்க்கிற வாய்ப்புக் கிடைத்தது. பளபளப்பு நிற்பதில் இரண்டுக்கும் ஒப்பீடே கிடையாது. இரண்டு பாகப் பெயிண்ட் அடித்து ஐந்தாறு வருடம் ஆகியும், கழுவித் துடைத்தால் பக்கவாட்டில் நிற்பவரின் முகம் தெரிகிறது. அதே காலத்தில் உட்புறத்தை இருமுறை திருப்பி அடித்தாகிவிட்டது.

ஆனால் பழுது பார்ப்பதில் கதை தலைகீழ். உட்புறத்தில் நங்கூரம் இடித்துப் பெயர்ந்த இடத்தை ஒரு சாயங்காலத்தில் சரிசெய்துவிடுவேன். உப்புத்தாள் போட்டு, துடைத்து, பிரஷ்ஷால் ஒரு இழுப்பு. அங்கே பூச்சே கொஞ்சம் மங்கலாக இருப்பதால் ஒட்டுப்போட்டது கண்ணில் படாது. வெளிப்பக்கத்தில் துறையின் கல்முனை உரசி ஒரு சாண் நீளத்துக்கு விழுந்த கீறல் அப்படி அடங்கவில்லை. பட்டி போட்டுச் சமன்செய்து அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் வைத்தால், புதுசும் பழசும் சேருகிற ஓரம் எட்ட நின்று பார்த்தாலே தெரிகிறது. அந்த ஓரத்தைத் தேய்த்து மறைக்கலாம் என்றால், ஆல்கிரிப் போன்ற பாலியெஸ்டர் வகை யூரிதேன்களில் பளபளப்பு மேல்தோலில்தான் இருக்கிறது. காம்பவுண்டால் தேய்த்தால் அந்தத் தோல் போய், பாதுகாப்பும் போய்விடும். தேய்த்துச் சரிசெய்யக்கூடியது அக்ரிலிக் வகை. ஆல்கிராஃப்ட் 2000 அதற்கு உதாரணம். ஆனால் அது ஸ்பிரே அடிப்பதற்காகச் செய்தது.

இதற்கு எனக்குக் கைகொடுத்த வழி, கீறல் விழுந்த பகுதி முழுவதையும் ஏதாவது ஒரு இயல்பான கோடு வரைக்கும் திருப்பி அடிப்பது. படகின் பக்கவாட்டில் ஓடுகிற மடிப்பு, மேலே ரப்பர் பட்டை, பின்பக்க மூலை, இந்த மூன்றுக்கும் நடுவில் இருந்த பரப்பை மட்டும் டேப் ஒட்டி மறைத்து அடித்தேன். சேருகிற ஓரம் மடிப்பிலேயே விழுந்துவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. உங்கள் படகில் இப்படிப்பட்ட மடிப்பே இல்லாமல் முழுக்க வழவழப்பாக இருந்தால், பெயிண்ட் தேர்வு செய்யும்போதே இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரே பற்றி ஒரு எச்சரிக்கை. இரண்டு பாகப் பெயிண்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்கிற வேதிப்பொருள் இருக்கிறது. ஸ்பிரே அடிக்கும்போது பனிபோல் மிதந்து நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு கொஞ்சமாகப் பட்டாலும் மூச்சு இரைக்கும். வாசனையை வைத்து ஆபத்தைக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஸ்பிரே அடிப்பவருக்கு வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாகத் தருகிற முகமூடி வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாதவர்கள் ரோலரோடு நின்றுகொள்வதே நல்லது. நானும் ரோலர்தான். திறந்த வெளியில், கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் (வடிகட்டி பொருத்திய முகமூடி) கையுறையும் போட்டுக்கொண்டு.

எந்தப் பெயிண்டை எடுத்தாலும் அது நிற்பதும் உரிவதும் அடிவேலையில்தான் இருக்கிறது. முதல் வேலை மெழுகை எடுப்பது. அதற்கு முன்னால் உப்புத்தாளைத் தொடவே கூடாது. தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கிவிடும், பிறகு பெயிண்ட் அங்கங்கே விலகி வட்டவட்டமாகக் குழி விழும். சோப்புத் தண்ணீரில் கழுவிய பிறகு, மெழுகு நீக்கும் திரவத்தில் நனைத்த ஒரு துணியால் துடைத்து, அது ஆவியாவதற்குள் காய்ந்த இன்னொரு துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். துணியை அடிக்கடி மாற்றாவிட்டால் எடுத்த மெழுகையே திரும்பப் பூசிக்கொண்டிருப்போம். முடிந்ததும் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். மெல்லிய படலமாகப் பரவி நின்றால் சுத்தம். முத்துமுத்தாகத் திரண்டால் இன்னும் மெழுகு இருக்கிறது.

பழைய பெயிண்ட் மேல் அடிப்பதாக இருந்தால், இரண்டு பாகப் பெயிண்டுக்கான தின்னரில் நனைத்த துணியைச் சில நிமிடம் அதன்மேல் வைத்துப் பாருங்கள். இளகினாலோ சுருங்கினாலோ அது ஒற்றைப் பாகம். அதன்மேல் இரண்டு பாகம் அடித்தால் கீழே இருப்பது சுருண்டு எழும். என் படகில் வெளிப்பக்கத்தை முழுக்கச் சுரண்டியதற்குக் காரணம் இதுதான். மாறாக, நன்றாக இறுகிய இரண்டு பாகத்தின் மேல் ஒற்றைப் பாகம் அடிக்கத் தடையில்லை.

சிலந்திவலை மாதிரி ஓடுகிற மயிரிழை வெடிப்புகளைப் பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் போடுகிற பூச்சு) மூடிவிடும் என்று நம்பாதீர்கள். அப்போதைக்கு மறையும், பிறகு பெயிண்டையும் பிளந்துகொண்டு வரும். ஒவ்வொன்றையும் முனைக்கருவியால் சாய்வாக அகட்டி, எபாக்சி பட்டி வைத்து அடைக்க வேண்டும். கயிறு கட்டுகிற கொக்கியைச் சுற்றி வெடித்திருந்தால், அந்த இடம் வளைந்து கொடுக்கிறது என்று அர்த்தம். உள்பக்கம் பலமாக ஒரு தகடு வைக்காமல் மேலே எத்தனை முறை பட்டி பார்த்தாலும் நிற்காது.

பிறகு எபாக்சி பிரைமர். பழைய ஜெல்கோட்டில் ஊசிமுனை அளவுக்கு நிறையத் துளைகள் இருக்கும். ரோலரில் அடித்ததும் கையில் பிடிக்கிற ரப்பர் வழிப்பானால் அழுத்தி இழுத்தால்தான் பிரைமர் அவற்றுக்குள் இறங்கும். சில எபாக்சிகள் காயும்போது மேலே மெழுகு போல ஒரு பிசுபிசுப்பு வரும். அது தண்ணீரில் கரையக்கூடியது. நார் போட்டுக் கழுவிய பிறகுதான் உப்புத்தாள் போட வேண்டும். எபாக்சி வெயிலில் பொடிந்துபோகும், ஆகவே பிரைமரோடு விட்டுவிட முடியாது. 80-ல் தொடங்கி 180, 220 என்று போய், கடைசிப் பூச்சுக்கு முன்னால் 320 நம்பர் உப்புத்தாளில் முடித்தேன். இரண்டு பாகப் பெயிண்டின் பளபளப்பு சின்ன மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும் என்பதால் இந்தக் கட்டத்தில் அவசரமே கூடாது.

அடிக்கிற நாளில் மழையைவிடப் பனிக்குத்தான் பயப்பட வேண்டும். படகின் மேற்பரப்பு, பனி படிகிற வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். முழுதாக இறுகாத பெயிண்ட்மேல் பனி இறங்கினால் பளபளப்பு அப்படியே செத்து, பால் தடவியதுபோல் மங்கிவிடும். காலைப் பனி காய்ந்ததும் நிழலில் ஆரம்பித்து, மதியத்தோடு ரோலரைக் கழுவி வைத்துவிடுவதுதான் நல்லது.

இந்த வேலைக்கு இரண்டு பேர் கட்டாயம். நான் நுரை ரோலரால் ஒரு முழம் அகலத்துக்கு மேலிருந்து கீழாக மெல்லிசாக உருட்டிக்கொண்டு போக, தம்பி பின்னாலேயே பிரஷ்ஷின் நுனியால் ஒரே இழுப்பில் நீவிக்கொண்டு வந்தான். ரோலர் விட்ட குமிழ்கள் அந்த இழுப்பில் உடைகின்றன. பிறகு பிரஷ் கோடுகள் கண்ணெதிரே கரைந்து சமனாகும். கரையாமல் அப்படியே நின்றால் பெயிண்ட் கெட்டியாகிவிட்டது, கொஞ்சம் தின்னர் சேர்க்க வேண்டும். பூசிய ஓரம் காய்வதற்குள் அடுத்த பட்டை அதோடு சேர்ந்தாக வேண்டும். பாதியில் போன் வந்தாலும் எடுக்க முடியாது. தடியாக ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்தால் வழியும், மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடிப்பதே சரி.

நிறத்தில் நான் வெளிர் நிறங்களின் பக்கம். அடர் நீலம் பார்க்க அழகுதான், ஆனால் வெயிலில் கொதிக்கும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கிற இழையின் பின்னல் மெல்ல மேலே தெரிய ஆரம்பிக்கும். கீறலும் உப்புக்கறையும் பளிச்சென்று கண்ணில் படும்.

எப்போதும் தண்ணீரிலேயே நிற்கிற படகாக இருந்தால், இதுவரை சொன்னதெல்லாம் நீர்மட்டக் கோட்டுக்கு மேலே மட்டும். இந்தப் பெயிண்ட்கள் நாள்கணக்கில் தண்ணீருக்கடியில் இருந்தால், எவ்வளவு நல்ல பிராண்டாக இருந்தாலும் கொப்புளிக்கும். கீழே எபாக்சித் தடுப்புப் பூச்சு, அதன்மேல் பாசியும் கொட்டலசும் (படகடியில் ஒட்டி வளர்கிற ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டாமல் தடுக்கிற பெயிண்ட் என்று போக வேண்டும். முன்பு அதில் டிரைபியூட்டைல்டின் என்கிற வெள்ளீயச் சேர்மம் இருந்தது. கடல் உயிர்களுக்குக் கேடு என்பதால் சர்வதேச ஒப்பந்தம் அதைத் தடைசெய்தது, 2008 செப்டம்பரில் அது அமலுக்கு வந்தது. இப்போது பெரும்பாலும் செம்பு கலந்ததுதான்.

என் தீர்ப்பு இதுதான். டிரெய்லரில் நிற்கிற, நிறைய உரசல் வாங்குகிற வேலைப் படகுக்கு ஒற்றைப் பாகமே போதும், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அடித்துக்கொள்ளலாம். ஃபெண்டர் போட்டுக் கவனமாகக் கட்டுகிறவர், அடிவேலைக்கு நேரம் ஒதுக்க முடிந்தவர், வெளிப்பக்கத்துக்கு ரோலரில் அடிக்கக்கூடிய இரண்டு பாகத்தை எடுங்கள்.

எதை எடுத்தாலும் கம்பெனியின் நிற அட்டையில் இருக்கிற நிறத்தையே வாங்குங்கள். கடையில் கலந்து தருகிற தனி நிறம் நான்கு வருடம் கழித்து ஒட்டுப்போடும்போது அதேபோலக் கிடைக்காது. நிறத்தின் எண், பிரைமர் பெயர், கலந்த விகிதம் எல்லாவற்றையும் படகின் பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். ஹார்ட்னர் காற்றின் ஈரத்தோடு வினைபுரிவதால், திறந்த டப்பா நாளடைவில் கெட்டுப்போகும். ஒட்டுவேலைக்குத் தனியாகச் சின்ன டப்பாவாக வாங்கி, தேவைப்படுகிற அன்றுதான் மூடியைத் திறக்க வேண்டும்.